தை மாசம் ஊட்டி ஏறப் போறீங்களா, கார்ல எதைப் பாக்கோணும், எதை எடுத்து வெக்கோணும்

கோபில இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தாரு. 2014 மாடல் டீசல் கார் செகண்ட்ஸ்ல எடுத்திருக்காராம், பொங்கல் லீவுல அம்மிச்சி, சம்சாரம், ரெண்டு கொழந்தைங்கன்னு எல்லாரையும் ஏத்திட்டு ஊட்டி போயி ரெண்டு ராத்திரி தங்கறதா பிளானாம், விடியக்காலம் நாலு மணிக்குக் கெளம்பறாங்களாம். அமெரிக்கால மிச்சிகன்ல இருக்கற மச்சான் 'வின்டர் எமர்ஜென்சி கிட்'ன்னு ஒரு பெரிய லிஸ்ட் அனுப்பி இதெல்லாம் வண்டில இருக்கோணும்னு சொல்லிட்டாராம், அத்தனையும் வாங்கோணுங்களான்னு கேக்கறாரு.

வேண்டாங் தம்பி. அந்த லிஸ்ட்ல பாதி நமக்கு ஆகாது. மண்வெட்டி, டயர் செயின், ஒரு மூட்டை மணல், கண்ணாடி சொரண்டற கத்தி, இதெல்லாம் ரோட்டு மேலயே முட்டி அளவு பனி கொட்டிக் கெடக்கற ஊருக்கு. அங்க வண்டி பனில பொதைஞ்சு நின்னுட்டா எக்ஸாஸ்ட் பைப் மூடிக்கும், ஹீட்டருக்காக இஞ்சினை ஓட விட்டுட்டு உள்ளயே தூங்குனா பொகைல இருக்கற கார்பன் மோனாக்சைடு உள்ள வந்து ஆளைத் தூக்கத்துலயே முடிச்சிரும். 2022 ஜனவரில பாகிஸ்தான்ல மர்ரீங்கற மலைவாசஸ்தலத்துல பனில மாட்டி 20 பேருக்கு மேல கார்லயே செத்துப் போனாங்க, நியூஸ்ல பாத்திருப்பீங்க. ஊட்டில அந்த மாதிரி பனி கொட்டறதில்ல. டிசம்பர், ஜனவரில காந்தல், தலைகுந்தா பக்கமெல்லாம் ராத்திரி பூஜ்ஜியத்த ஒட்டிப் போகும், புல்லு மேலயும் கார் கண்ணாடி மேலயும் வெள்ளையா உறைபனி புடிச்சிருக்கும், வெயில் வந்தா போயிரும், அவ்வளவுதான்.

நம்ம பக்கத்துக் குளிர்கால ஆபத்து வேற மாதிரி. விடியக்காலம் மூடுபனில ரோட்டோரம் நிக்கற வண்டி பின்னாடி வர்றவனுக்குத் தெரியாம போறது, மலை எறங்கையில பிரேக் காய்ஞ்சு போறது, மண்சரிவோ மரமோ விழுந்து மலைரோட்டுல மணிக்கணக்குல மாட்டிக்கறது, இந்த மூணுதான். வண்டி ஸ்டார்ட் ஆகலைங்கறது தொல்லைதான், ஆனா ரூம் வாசல்ல நிக்கற வண்டியால உசுருக்கு ஒண்ணும் ஆகப் போறதில்ல. ஆனா எல்லாரும் கேக்கறது என்னமோ அதைத்தான், அதனால மொதல்ல அதைச் சொல்லி முடிச்சர்றேன்.

பேட்டரி. குளிர்ல பேட்டரிக்குள்ள நடக்கற ரசாயன வேலை மந்தமாயிரும், பூஜ்ஜியம் டிகிரில அதோட ஸ்டார்ட்டிங் சக்தில சுமாரா மூணுல ஒரு பங்கு கொறைஞ்சு போகும், அதே நேரத்துல இஞ்சின் ஆயில் கெட்டியா இருக்கும், டீசல் இஞ்சின சுத்தறதுக்கே பெட்ரோல விட எச்சா பலம் வேணும். அதனால கோபில பட்டுனு எடுக்கற செல்ஃப் ஊட்டில காலைல ஆறு மணிக்கு 'டிக் டிக்'னு மட்டும் சத்தம் குடுக்கும். இதுல ஒரு விசயம் பாருங்க, பேட்டரியக் கெடுக்கறது குளிரில்ல, நம்மூரு சித்திரை வெயில். வெயில்ல ஏற்கனவே பாதி போன பேட்டரி ஊட்டிக் குளிர்லதான் கையும் களவுமா மாட்டும். மூணு நாலு வருசம் ஆன பேட்டரின்னா கெளம்பறதுக்கு முந்தி கட்டாயம் டெஸ்ட் பண்ணிருங்க. ராத்திரி நிறுத்துன வண்டிய காலைல சாவி போடறதுக்கு முந்தி மல்டிமீட்டர் வெச்சுப் பாத்தா 12.6 வோல்ட் இருந்தா நெம்ப நல்லது, 12.4 பரவால்ல, 12.2 இல்ல அதுக்குக் கீழன்னா சார்ஜ் பாதிதான் இருக்குன்னு அர்த்தம். வண்டி ஓடும்போது 13.8ல இருந்து 14.4க்குள்ள காமிக்கோணும், அதுக்குக் கீழ இருந்தா பேட்டரி மாத்தியும் பிரயோசனமில்ல, பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தற ஆல்டர்னேட்டரப் பாக்கோணும். டெர்மினல்ல வெள்ளையாவோ பச்சையாவோ பூத்திருந்தா சுடுதண்ணில சோடா உப்பு கலந்து ஊத்திக் கழுவி, காய விட்டு, இறுக்கமா மாட்டி மேல கொஞ்சம் வாசலின் தடவுங்க. பாதிப் பேரு வண்டி எடுக்காததுக்குக் காரணமே இந்த லூசான டெர்மினல்தான்.

டீசல் வண்டில சாவிய ஆன் பண்ணுனதும் டேஷ்போர்டுல சுருள் மாதிரி ஒரு மஞ்ச லைட்டு எரியும் பாருங்க, அது ஹீட்டர் பிளக். அது அணையற வரைக்கும் பொறுத்து அப்பறம் செல்ஃப் அடிங்க. நம்மூருல யாரும் அதை மதிக்கறதில்ல, இங்க அது தேவையும் படாது, அங்க தேவைப்படும். ஒரு தடவைக்குப் பத்து செகண்டுக்கு மேல இழுக்காதீங்க, எடுக்கலைன்னா ஒரு நிமிசம் விட்டு மறுபடி அடிங்க.

ஜம்பர் கேபிள் ஒண்ணு வாங்கிப் போட்டுக்கங்க, பாத்து தடிமனானதா வாங்குங்க, ஆன்லைன்ல சல்லிசா கெடைக்கறதுல மேல ரப்பர் மட்டும் பெருசா இருக்கும், உள்ள கம்பி நூலாட்டம் இருக்கும், சூடாகிப் பொகையறதோட சரி. மாட்டற வரிசை முக்கியம்: செத்த பேட்டரியோட பிளஸ்ல செவப்பு, அடுத்த முனை நல்ல பேட்டரியோட பிளஸ்ல, கறுப்பு நல்ல பேட்டரியோட மைனஸ்ல, கடைசி முனையை மட்டும் செத்த பேட்டரில மாட்டாம, கொஞ்சம் தள்ளி இஞ்சின்ல பெயிண்ட் இல்லாத இரும்புல மாட்டோணும். பேட்டரிகிட்ட பொறி பறந்தா அதுல இருந்து வர்ற ஹைட்ரஜன் புடிச்சுக்கும், அதுக்குத்தான். தள்ளி ஸ்டார்ட் பண்ணறதுன்னா மேனுவல் கியர் வண்டிய சமதளத்துல மட்டும் தள்ளுங்க. ஊட்டில எங்க பாத்தாலும் சரிவுதானுங்க, இஞ்சின் ஓடாத வண்டில பிரேக் ரெண்டு மிதிக்கு மேல கல்லு மாதிரி ஆயிரும், ஸ்டியரிங்கும் திருப்ப முடியாத அளவுக்குக் கனமாயிரும், சரிவுல உருட்டி விட்டு ஸ்டார்ட் பண்ணலாம்னு யாராச்சும் யோசனை சொன்னா வேண்டாம்னுருங்க.

செகண்ட்ஸ் வண்டிங்கறதால கூலண்ட், அதாவது இஞ்சின் சூட்டத் தணிக்கற திரவம், அந்த விசயத்த நெம்ப கவனமா பாக்கோணும். நம்மூருல நெறைய வண்டில ரேடியேட்டர்ல வெறும் தண்ணிதான் ஓடுது, 'இங்க எங்கீங்க உறையப் போகுது'ன்னு மெக்கானிக்கே ஊத்தி விட்டுருவாரு. தண்ணி உறைஞ்சா சுமாரா 9 சதவீதம் விரியும், ரேடியேட்டர் பைப்பு, இஞ்சின் பிளாக் எதுவும் அதைத் தாங்காது. ஊட்டில ஒரே ராத்திரில பிளாக் வெடிக்கற அளவுக்குக் குளிராதுன்னாலும் உள்ள துருப் புடிக்கறதுக்காகவாச்சும் அதை வடிச்சுட்டு கூலண்ட் ஊத்துங்க. பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் மைனஸ் 37 வரைக்கும் உறையாது. இன்னொண்ணு, பழைய வண்டி சூடாகுதுன்னு புகார் சொன்னா சில பட்டறைல இஞ்சின் சூடாகற வரைக்கும் கூலண்ட ரேடியேட்டருக்கு விடாம நிறுத்தி வெக்கற தெர்மோஸ்டாட் வால்வையே கழட்டி எறிஞ்சிருவாங்க. கோபி வெயில்ல ஓட்டற வரைக்கும் தெரியாது. ஊட்டில ஹீட்டர் போட்டா வெதுவெதுன்னு கூட வராது, கண்ணாடில பனி அடைச்சா தெளியாது, டீசலும் எச்சாக் குடிக்கும். டெம்பரேச்சர் முள்ளு ஹைவேல எப்பவும் அடிமட்டத்துலயே நின்னா உங்க வண்டில வால்வு இல்ல, இல்லாட்டித் தொறந்தபடியே மாட்டிருக்குன்னு சந்தேகப்படுங்க.

இப்ப பிரேக்குக்கு வர்றேன், இதைத்தான் நான் பெருசா நெனைக்கறேன். மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டி அம்பது கிலோமீட்டர்தான், ஆனா ஊட்டி 2,240 மீட்டர் உசரத்துல இருக்கு, குன்னூர் வழில 14 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது இஞ்சின் கஷ்டப்படும், எறங்கும்போது பிரேக் கஷ்டப்படும், ஏறும்போது நின்னா ஓரங்கட்டிக்கலாம், எறங்கும்போது நிக்கலைன்னா என்ன பண்ணுவீங்க. பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தக் குடிச்சுக்கிட்டே இருக்கும். டாட் 4ங்கற ரகத்து ஆயில் புதுசா இருக்கையில 230 டிகிரிக்கு மேலதான் கொதிக்கும், ஈரம் குடிச்ச பொறகு அதோட தரம் 155தான். தொடர்ந்து பிரேக்க மிதிச்சுட்டே எறங்குனா டிஸ்க்கு அந்தச் சூட்டத் தாராளமாத் தாண்டும், ஆயில் கொதிச்சு ஆவியாகி, பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிரும். செகண்ட்ஸ்ல எடுத்தவரு முந்தைய ஓனர் எப்ப மாத்துனாருன்னு தெரியலைன்னா கேள்வியே கேக்காம மாத்திருங்க, ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்த வேண்டிய சாமான் அது. பிரேக் பேடையும் கழட்டிப் பாக்கச் சொல்லுங்க.

எறங்கும்போது ரெண்டாவது கியர், கார் நெறைய ஆளுன்னா சில எடத்துல மொத கியர் கூட. டீசல் மிச்சம் பண்றேன்னு நியூட்ரல்ல விட்டு எறங்கறவங்க இன்னும் இருக்காங்க, அப்படி எறங்குனா இஞ்சின் புடிப்பு மொத்தமாப் போயி அத்தனை பாரமும் பிரேக் மேல விழுகும், மிச்சமும் ஆகாது, கியர்ல எறங்கும்போது ஆக்சிலரேட்டர்ல கால் இல்லைன்னா இஞ்சினுக்கு டீசல் பீச்சற இன்ஜெக்டர் டீசலே விடாது. கரிஞ்ச வாசம் வந்தா வெட்கப்படாம ஓரங்கட்டி அரைமணி நேரம் ஆற விடுங்க, சக்கரத்து மேல தண்ணி ஊத்தாதீங்க, டிஸ்க் கோணிக்கும். மேப்ல மசினகுடி பக்கம் குறுக்கு வழின்னு கல்லட்டிய காமிக்கும், 36 வளைவு, நெம்பச் செங்குத்து, புதுசா மலை ஓட்டறவங்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

டயர் காத்து பத்தி ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. குளிர்ல காத்து கொறையும், எச்சா அடிங்கம்பாங்க ஒருத்தரு, மேல போனா காத்து விரியும், கொறைச்சு அடிங்கம்பாங்க இன்னொருத்தரு. ரெண்டும் நெசம், அதனாலயே ரெண்டும் ஏறக்குறைய அடிபட்டுப் போயிரும்: மேட்டுப்பாளையத்துல 28 டிகிரில 33 பிஎஸ்ஐ அடிச்ச டயர ஊட்டில விடியக்காலம் 3 டிகிரில பாத்தா கேஜ்ல 32 பக்கமாத்தான் காமிக்கும். கார் கதவுல ஒட்டிருக்கற அளவைக் கீழயே அடிச்சுட்டுப் போங்க, அவ்வளவுதான். ஏறி முடிச்சதும் சூட்டோட சூடா பாத்து எச்சா இருக்குதேன்னு எறக்கி விடாதீங்க. டயர் மேல இருக்கற பட்டன் தேய்ஞ்சு 1.6 மில்லிமீட்டருக்கு வந்திருந்தா டயர மாத்தியே ஆகோணும், ஈர ரோட்டுக்கு அதுக்கு முந்தியே மாத்தறது நல்லது. ஸ்டெப்னில காத்து இருக்குதான்னும் பாருங்க, அதை யாரும் பாக்கறதே இல்ல.

அடுத்தது பனிமூட்டம். ஊட்டிய விடுங்க, உங்க கோபில இருந்து கெளம்புனதுமே அது ஆரம்பிச்சிரும். தடப்பள்ளி வாய்க்கா பாசனத்து வயக்காட்டு ஓரமா மார்கழி, தை விடியக்காலத்துல அம்பதடி தள்ளி என்ன நிக்குதுன்னு தெரியாது, அந்த நேரத்துலதான் சத்தி ரோட்டுல கரும்பு லோடு டிராக்டரும் போகும், பின்னாடி லைட்டும் இருக்காது, ரிஃப்ளெக்டரும் இருக்காது, கரும்புத் தோகை மட்டும் தொங்கிட்டுப் போகும். ஹை பீம் போட்டா வெளிச்சம் பனில பட்டு நம்ம கண்ணுலயே அடிக்கும், லோ பீம்லதான் போகோணும். நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கிட்டு ஓட்டறது ஒரு பழக்கமாவே ஆயிருச்சு, தயவுசெஞ்சு வேண்டாம், நீங்க திரும்பறதும் தெரியாது, நிக்கறீங்களா போறீங்களான்னும் பின்னாடி இருக்கறவனுக்குத் தெரியாது. கண்ணாடி உள்ள அடைச்சா துணில தொடைச்சுட்டே ஓட்டாம ஏசிய ஆன் பண்ணி, சூட்டையும் கூட்டி, வெளிக்காத்து வர்ற மாதிரி வெச்சு கண்ணாடி மேல அடிக்க விடுங்க, ஏசி ஈரத்த இழுத்துக்கும். குளிர்ல எதுக்கு ஏசின்னு அம்மிச்சி சத்தம் போடுவாங்க, சொல்லிப் புரிய வைங்க.

வண்டி நின்னுருச்சுன்னு வைங்க. நம்மூருல என்ன பண்ணுவோம், ரோட்டோரத்துல தழை ஒடிச்சு நாலு கொப்பைப் பின்னாடி போட்டுட்டு நிப்போம். பகல்ல அது செரி, பனில அது ஒருத்தனுக்கும் தெரியாது. வண்டியோட குடுக்கற செவப்பு முக்கோணம் டிக்கில ஸ்டெப்னிக்குக் கீழ பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள கெடக்கும், செகண்ட்ஸ் வண்டில அது இருக்குதான்னு இன்னைக்கே பாருங்க. வெக்கறது வண்டிக்கு அம்பது மீட்டராச்சும் பின்னாடி, பைபாஸ்ல அதுக்கும் மேல, மலைல வளைவு தாண்டி நின்னுட்டீங்கன்னா முக்கோணம் வளைவுக்கு முந்தியே இருக்கோணும், வளைவு திரும்புன பொறவு பாத்து அவன் என்ன பண்ணுவான். ரோடு வேலை பாக்கறவங்க போடற பச்சை ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் ஒண்ணு சீட்டுக்குக் கீழயே இருக்கட்டும், டிக்கில வேண்டாம், போட்டுட்டுத்தான் எறங்கோணும். நாலுவழிச் சாலைல நின்னா குடும்பத்த உள்ள உக்கார வெக்காதீங்க, எல்லாரையும் எடது பக்கமா எறக்கி தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிக்க வெச்சிருங்க, டெயில் லைட்ட மறைச்சுக்கிட்டு யாரும் நிக்கப்படாது. நேஷனல் ஹைவேன்னா ஹைவே உதவி நம்பர் 1033க்குப் போடுங்க.

யானை நடமாட்டம் இருக்கற எடத்துல மட்டும் இது அப்படியே தலைகீழ். கல்லாறு, பர்லியாறு பக்கமோ, இல்ல வேற நாளைக்கு பண்ணாரி, திம்பம் வழியாப் போனாலோ, எறங்காதீங்க, ஹாரன் அடிக்காதீங்க, லைட்ட போட்டுப் போட்டு அணைக்காதீங்க. ஆசனூர் தாண்டி காரப்பள்ளம் பக்கமெல்லாம் யானை கரும்பு லாரிக்காகவே ரோட்டுல காத்துக்கிட்டு நிக்கும். திம்பத்துல ராத்திரி 9ல இருந்து காலைல 6 வரைக்கும் காருக்கே தடை இருக்கு, அந்த நேரத்த ஒட்டிப் போயி செக்போஸ்ட்ல குளிர்ல மாட்டாதீங்க.

ஸ்டெப்னி மாத்தறதுன்னா சரிவுல ஜாக்கி போடறதுக்கு முந்தி சக்கரத்துக்குக் கல்லுக் குடுங்க, ஹேண்ட் பிரேக்க மட்டும் நம்ப வேண்டாம். மாத்தி முடிச்சதும் அந்தக் கல்ல எடுத்து ஓரமாப் போட்டுட்டுப் போங்க. பாதிப் பேரு அப்படியே நடுரோட்டுல விட்டுட்டுப் போயிர்றாங்க, பின்னாடி பைக்ல வர்றவன் அதுல ஏறி விழுகறான், அவனும் யாரோ ஒரு வீட்டுப் புள்ளைதானுங்களே.

மாட்டிக்கறதுக்குத் தயாரா இருக்கறது கடைசி. ஐப்பசி, கார்த்திகைல போறவங்களுக்கு இது இன்னும் முக்கியம். 2009 நவம்பர்ல நீலகிரில அடிச்ச மழைல மண்சரிஞ்சு 40 பேருக்கு மேல செத்தாங்க, ரோடெல்லாம் துண்டாயிருச்சு. தைல அந்தளவுக்கு இருக்காது, ஆனா லீவு நாள்ல ஒரு லாரி வளைவுல குறுக்க நின்னாலே மூணு நாலு மணிநேரம் அசைய முடியாது. டேங்க் பாதிக்குக் கொறையாம மேட்டுப்பாளையத்துலயே ரொப்பிக்கங்க. கிட்டுன்னு தனியா எதுவும் வாங்க வேண்டாம், வீட்டுல இருக்கறதே போதும்: ஆளுக்கொரு சென்னிமலைப் போர்வை, ஒரு பவானி ஜமுக்காளம், பழசே போதும், விரிச்சு உக்காரலாம், சேத்துல சக்கரம் சுத்துனா கீழ போட்டு ஏத்தலாம். பட்டறைல குடுக்கற பனியன் வேஸ்ட் ஒரு பை, கண்ணாடி தொடைக்க அதை மாதிரி ஒண்ணும் இல்ல. தலைல கட்டற டார்ச், ரெண்டு கையும் சும்மா இருக்கும். வறுத்த கடலைக்காய், கடலை மிட்டாய், பிளாஸ்க்ல சுக்குக் காப்பி. அம்மிச்சிக்கு சர்க்கரை, பிரஷர் மாத்திரைய ரெண்டு நாளைக்கு எச்சா எடுத்து டிக்கி பெட்டில போடாம கைப்பைல வைங்க, இதை நெறையப் பேரு மறந்தர்றாங்க. தண்ணி எவர்சில்வர் கேன்ல கொண்டு போங்க, நீலகிரில சின்ன பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்குத் தடை, செக்போஸ்ட்ல எடுத்துக்குவாங்க. போன் சார்ஜர், ரூம் நம்பரும் சொந்தக்காரங்க நம்பரும் எழுதுன ஒரு தாள், மலைல நெறைய எடத்துல டவர் கெடைக்காது, மேப்ப முந்தின நாளே டவுன்லோடு பண்ணிருங்க. ஆம்புலன்ஸ் 108, மண்சரிவு, மரம் விழுந்ததுக்கு மாவட்டக் கண்ட்ரோல் ரூம் 1077.

குளிருக்கு கரி அடுப்ப ரூமுக்குள்ளயோ கார்லயோ வெச்சு அடைச்சுட்டுத் தூங்காதீங்க, மர்ரீல நடந்த அதே கார்பன் மோனாக்சைடு இங்கயும் வரும்.

ஊட்டில ராத்திரி நிறுத்தும்போது முன் கண்ணாடி மேல ஒரு பழைய சாக்கோ அட்டையோ போட்டு வைப்பர்ல அமுக்கி விடுங்க, காலைல எடுத்தா உறைபனி அதோட வந்துரும். மறந்துட்டீங்கன்னா பழைய ஏடிஎம் கார்டுல சொரண்டுங்க. சுடுதண்ணி மட்டும் ஊத்திராதீங்க, பட்டுனு விரிசல் விட்டுரும், ஏற்கனவே கல்லடி பட்ட கண்ணாடின்னா சொல்லவே வேண்டாம். உறைஞ்ச வைப்பர சுவிட்ச் போட்டு இழுத்தா ரப்பர் கிழியும், மோட்டாரும் போகும்.

நாலு மணிக்குக் கெளம்பறத மட்டும் மாத்திருங்க தம்பி. பனி எச்சா இருக்கறதும், டிரைவருங்க தூக்கக் கலக்கத்துல இருக்கறதும் அந்த நேரந்தான், ஜனவரில சூரியன் வரவே ஆறே முக்கால் ஆகும். ஏழு மணிக்கு சாப்பிட்டுக் கெளம்புங்க, மேட்டுப்பாளையத்துல காப்பி குடிச்சுட்டு ஏறுனா பனி கலைஞ்சிருக்கும். நீலகிரிக்குள்ள வண்டி போறதுக்கு ஆன்லைன்ல எடுக்கற இ-பாஸ் 2024 மே மாசத்துல இருந்து வேணும், அதையும் முந்தியே எடுத்து வெச்சுக்கங்க. பேட்டரி எந்த வருசம் வாங்குனது, காலைல எத்தனை வோல்ட் காமிக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க, மாத்தோணுமா இந்தக் குளிருக்குத் தாங்குமான்னு சொல்றேன்.